டேஷ்போர்டில் ஒரு ஓட்டை

அமெரிக்காவின் பழைய பிக்கப் வண்டியில் ரேடியோவைக் கழற்றுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. இடமும் வலமுமாக இருக்கும் இரண்டு குமிழ்களைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். குமிழ்களுக்குப் பின்னால் இரண்டு தண்டுகள், தண்டுகளைச் சுற்றி இரண்டு நட்டுகள். நட்டுகளை அவிழ்த்துவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்து, பின்பக்கம் தாங்கிப் பிடிக்கும் தகட்டின் போல்ட்டையும் கழற்றினால் பெட்டி இறங்கிவிடும். மிஞ்சுவது ஓர் ஓட்டை. நடுவில் குட்டியாக ஒரு செவ்வகம், இரு பக்கமும் ஒவ்வொரு வட்டம்.

இந்த ஓட்டையின் அளவுதான் பல பத்தாண்டுகளாக அந்த வண்டிக்காரர் என்ன பாட்டு கேட்கலாம், எவ்வளவு நன்றாகக் கேட்கலாம் என்பதைத் தீர்மானித்தது. வண்டி வாங்கியவருடையது, சரி. டேஷ்போர்டில் இருக்கும் அந்த இடம் யாருடையது? அங்கே எதைப் பொருத்துவது என்று முடிவு செய்வது ஆலையா, காசு கொடுத்தவரா? வாகன ஸ்டீரியோவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக டேப், கேசட், சிடி என்று கருவிகளின் வரிசையைச் சொல்லிக்கொண்டு போவார்கள். கருவிகளைவிட அவை உட்கார்ந்த இடத்துக்காக நடந்த இழுபறிதான் சுவாரசியமானது.

தொடக்கத்தில் ஓட்டையே கிடையாது. சிகாகோவில் பால் கால்வின் நடத்திவந்த கால்வின் மேனுஃபாக்சரிங் கார்ப்பரேஷன் 1930இல் வாகன ரேடியோவைத் தயாரித்தபோது எந்தக் கார் கம்பெனியும் அதற்கென்று இடம் ஒதுக்கியிருக்கவில்லை. அந்த ஆண்டு அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்களின் மாநாடு. அரங்குக்குள் கடை போடக் கால்வினிடம் வசதி இல்லை. தன் ஸ்டுடிபேக்கர் காரில் ரேடியோவைப் பொருத்தி, அரங்குக்கு வெளியே நிறுத்தி, சத்தமாகப் பாடவிட்டு ஆர்டர் பிடித்தார். கடன் கேட்கப்போன இடத்தில் வங்கிக்காரரின் பேக்கார்ட் காரிலேயே ஒன்றைப் பொருத்திக் கொடுத்ததாகவும், அது தீப்பிடித்துக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு. தன் சறுக்கலைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளும் கம்பெனிக் கதைகள் அபூர்வம் என்பதால் இதை நம்பத் தோன்றுகிறது. 'மோட்டரோலா' என்பது அவர் அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர்; 1947இல் கம்பெனிக்கே அந்தப் பெயர் வந்தது.

அந்தக் காலத்துப் பொருத்தும் வேலை ஒரு சின்ன அறுவை சிகிச்சை. ரேடியோப் பெட்டி ஒரு மூலையில், ஸ்பீக்கர் இன்னொரு மூலையில். நிலையம் மாற்றும் கட்டுப்பாடு ஸ்டீயரிங் தண்டில் கட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து வளையும் கேபிள் பெட்டிக்குப் போகும். வால்வுகளுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்துக்குத் தனி பேட்டரிகள் தரைப்பலகைக்கு அடியில். எஞ்சின் ஓடினால் ஸ்பார்க் பிளக்கின் ஒவ்வொரு வெடிப்பும் ரேடியோவில் படபடக்கும். அதை அடக்க டிஸ்ட்ரிபியூட்டரிலும் பிளக்குகளிலும் தடைகள் போட வேண்டும். இத்தனைக்கும் 100 டாலருக்கு மேல் விலை. 1934இல் பி.எஃப். குட்ரிச் டயர் கடைகள் மோட்டரோலாவை விற்றுப் பொருத்தியும் கொடுக்க ஒப்பந்தமானபோது, கூலியும் சேர்த்து 55 டாலராக இறங்கியது. ஆக, வண்டிக்குப் பாட்டு போட்டுக் கொடுத்த முதல் பெரிய கடைவலை டயர்க்கடைதான்.

கார் கம்பெனிகள் இதை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. 1936இல் ஜெனரல் மோட்டார்ஸ் இண்டியானா மாநிலத்தின் கொகோமோ ஊரில் ஒரு பழைய ரேடியோ ஆலையை வாங்கி, டெல்கோ ரேடியோ என்ற பிரிவைத் தொடங்கியது. ரேடியோ டேஷ்போர்டுக்குள் ஏறியது அதையொட்டித்தான். வெளியார் பொருத்திய பெட்டி, ஆலையே பொருத்தும் உறுப்பாக மாறியது. விலைப்பட்டியலில் அதற்கென்று ஒரு வரி வந்தது. அந்த வரியில் நல்ல லாபமும் இருந்தது. வாங்காதவர்களுக்கு ஓட்டையை மூட ஒரு தகடு!

பிக்கப் வண்டிகளுக்கு இந்தச் சலுகை தாமதமாகத்தான் கிடைத்தது. அது உழைக்கும் வண்டி. வைக்கோலும் சிமெண்டும் ஏற்றுகிறவனுக்குப் பாட்டு எதற்கு என்ற நினைப்பு. செவ்ரோலே தன் சரக்கு வண்டிகளில் டேஷ்போர்டு ரேடியோவைக் கூடுதல் விலைக்கு முதன்முதலில் தந்தது, 1947இல் வந்த 'அட்வான்ஸ் டிசைன்' வரிசையில்தான். அது 6 வோல்ட் வண்டி. வால்வுகளுக்கு அந்த 6 வோல்ட் போதாது. பேட்டரி மின்சாரத்தைத் துண்டுதுண்டாக வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்ப 'வைப்ரேட்டர்' என்ற அதிரும் உறுப்பு இருந்தது. ரேடியோவைப் போட்டதும் முதலில் கேட்பது அதன் ரீங்காரம். பாட்டு வால்வு சூடான பிறகுதான் வரும். 1955இல் செவ்ரோலே 12 வோல்ட்டுக்கு மாறியது. அதே ஆண்டு கிரைஸ்லரும் ஃபில்கோவும் சேர்ந்து வால்வே இல்லாத, முழுக்க டிரான்சிஸ்டர்களால் ஆன கார் ரேடியோவை அறிவித்தன. 150 டாலர். பிக்கப் வாங்குகிறவர் நினைத்தும் பார்க்க முடியாத விலை.

ஆனாலும் ஏஎம் ரேடியோவையும் ஒற்றை ஸ்பீக்கரையும் ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. பகலில் வானிலையும் தானிய விலையும் கால்நடைச் சந்தை நிலவரமும் வந்தது அதில்தான். இரவானால் அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் ஏஎம் அலைகள் பல நூறு மைல் பாயும். நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம் நிலையம் 50,000 வாட் வலுவில், 650 கிலோஹெர்ட்ஸில், 1925 முதல் நடத்திவந்த 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நாட்டுப்புற இசை நிகழ்ச்சியைப் பல மாநிலங்கள் தாண்டி வண்டிக்குள் பிடிக்கலாம். நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூடபிள்யூஎல் நிலையத்தில் 1971இல் சார்லி டக்ளஸ் தொடங்கிய 'ரோடு கேங்' நிகழ்ச்சி இரவு ஓட்டும் லாரிக்காரர்களுக்கென்றே நடந்தது. அந்த ஓட்டைக்குள் இருந்த சாதாரணப் பெட்டி அதற்குத் தாராளமாகப் போதும்.

போதாமல் போனது, தனக்குப் பிடித்த பாட்டைத் தான் நினைத்த நேரத்தில் கேட்க வேண்டும் என்ற ஆசை வந்தபோது. கிரைஸ்லர் 1956இல் காருக்குள் இசைத்தட்டையே சுழலவிட்டுப் பார்த்தது. சிபிஎஸ் ஆய்வகத்தின் பீட்டர் கோல்ட்மார்க் வடிவமைத்த 'ஹைவே ஹைஃபை'. நிமிடத்துக்குப் பதினாறே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுழலும் 7 அங்குலத் தட்டு. அதற்கென்று தனியாக அச்சிட்ட தட்டுகள் மட்டுமே ஓடும் என்பதால் சில ஆண்டுகளில் ஊத்திக்கொண்டது. அடுத்தது டேப். 'மேட்மேன்' என்று விளம்பரத்தில் தன்னையே அழைத்துக்கொண்ட கலிஃபோர்னியக் கார் வியாபாரி எர்ல் மண்ட்ஸ் 1962 வாக்கில் நான்கு தட டேப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்த விமானத் தொழிலதிபர் வில்லியம் லியர் எட்டுத் தடமாக மாற்றினார். 1966 மாடல் கார்களில் ஃபோர்டு அதைக் கூடுதல் விலைக்குத் தந்தது. பிளேயர்களைச் செய்துகொடுத்தது மோட்டரோலா, டேப்புகளைத் தந்தது ஆர்சிஏ.

எட்டுத் தட டேப்புக்கு முடிவே கிடையாது. ஒரே வளையமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பாடல்களை நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பதிவார்கள். பகுதி மாறும்போது 'டக்' என்று ஒரு சத்தம். சில டேப்புகளில் பாட்டின் நடுவிலேயே அது விழும். அந்த வெட்டைப் பொறுத்துக்கொண்டு ஒரு தலைமுறையே பாட்டு கேட்டது. பிக்கப் டேஷ்போர்டின் பழைய ஓட்டைக்குள் இந்தப் பிளேயர் நுழையாது. எனவே டேஷ்போர்டுக்குக் கீழே, கியர் கம்பிக்கும் ஹீட்டருக்கும் நடுவில், இரண்டு தகரப் பட்டைகளில் தொங்கியது. உட்காருகிறவரின் முழங்கால் அடிக்கடி அதில் இடிக்கும்.

1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. அமெரிக்கா முழுக்க மணிக்கு 55 மைல் என்று வேகக் கட்டுப்பாடு. போலீஸ் எங்கே நிற்கிறது, எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது என்று லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள சிபி ரேடியோவைக் கையிலெடுத்தார்கள். 1976 ஜனவரியில் லாரி ஊர்வலத்தைப் பாடும் 'கான்வாய்' பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. சாதாரணப் பிக்கப்காரர்களும் சிபி வாங்கினார்கள். இருந்த அலைவரிசைகள் போதாமல் 1977 ஜனவரி 1 முதல் 23 தடங்களை 40 ஆக உயர்த்தினார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் இன்னொரு பெட்டி தொங்கியது. ஆலை கொடுத்த ஏஎம் ரேடியோ மேலே, சொந்தக்காரர் சேர்த்ததெல்லாம் கீழே என்று வண்டிக்குள் இரண்டு குடித்தனம்.

மேல்மாடியையும் பிடிப்பதற்கான வழி 1974இல் வர்ஜீனியாவின் ஷார்லட்ஸ்வில்லில் பிறந்தது. பில் கிரட்ச்ஃபீல்ட் என்ற இளைஞர் பழைய போர்ஷே 356 ஒன்றைச் செப்பனிட்டு விற்கப் பார்த்தார். அதற்குப் பொருந்தும் ஸ்டீரியோ எது, எங்கே கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அம்மாவின் வீட்டு நிலவறையில் தபால் வழி விற்பனையைத் தொடங்கினார். அவர் விற்றது பெட்டிகளை மட்டுமில்லை. ஒவ்வொரு வண்டியையும் பிரித்துப் பார்த்து ஓட்டையை அளந்து, இந்த ஆண்டு, இந்த மாடல், இந்த டெக் உட்காரும், இந்த அளவு ஸ்பீக்கர் கதவில் அமரும் என்று அவர் கம்பெனி அட்டவணை போட்டது. மெக்கானிக்கின் மூளையில் மட்டும் இருந்த விவரம், தபாலில் யார் வீட்டுக்கும் போகும் விவரமானது. இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் எது என்று கேட்டால் கேசட்டையோ சிடியையோவிட இந்த அட்டவணையைத்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1975இல், மேக்னசன்–மாஸ் உத்தரவாதச் சட்டம் வந்தது. வெளிச்சந்தைப் பாகத்தைப் பொருத்தினார் என்ற ஒரே காரணத்துக்காக வண்டியின் உத்தரவாதத்தைக் கம்பெனி ரத்து செய்ய முடியாது. 'ரேடியோவைத் தொட்டால் வாரண்டி போச்சு' என்று மிரட்டிய டீலர்களின் வாய்க்கு அது ஓரளவு பூட்டுப் போட்டது.

இனி, தொடக்கத்தில் கழற்றிய அந்த வண்டிக்கு வரலாம். 1973 முதல் 1987 வரை ஜெனரல் மோட்டார்ஸ் செய்த செவ்ரோலே சி-10 வகை பிக்கப்புகளை, அவற்றின் சதுரமான உடம்பை வைத்து 'ஸ்கொயர்பாடி' என்று பிரியர்கள் அழைக்கிறார்கள். பழைய வண்டியில் ஸ்டீரியோ மாற்றுவதன் எல்லாச் சிக்கலும் ஒரே இடத்தில் குடியிருப்பது இதில்தான். முதல் சிக்கல் ஆன்டெனா. கம்பியாக நீட்டிக்கொண்டு நிற்காமல், முன்கண்ணாடியின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் மெல்லிய இழையாகப் புதைத்தார்கள். கார் கழுவும் இடத்தில் ஒடியாது, பார்க்கவும் லட்சணம். ஏஎம்முக்குச் சமாளித்தது, எஃப்எம்முக்குச் சொதப்பியது. எவ்வளவு விலையுயர்ந்த டெக்கைப் பொருத்தினாலும் ஊரைத் தாண்டியதும் கரகரக்கும். பலரும் கடைசியில் ஃபெண்டரில் ஓட்டை போட்டுப் பழைய மாதிரிக் கம்பியையே நட்டார்கள்.

இரண்டாவது ஸ்பீக்கர். டேஷ்போர்டின் மேற்பரப்பில், முன்கண்ணாடியைப் பார்த்தபடி நீளவாக்கில் ஒன்றே ஒன்று. ஸ்டீரியோ வேண்டுமென்றால் இடது, வலது என்று இரண்டு வேண்டுமே? அந்த ஒற்றை ஓட்டைக்குள்ளேயே உட்காரும்படி இரண்டு சுருள் கொண்ட ஸ்பீக்கரை வெளிச்சந்தை செய்துகொடுத்தது. கதவுத் தகரத்தை வெட்டத் துணியாதவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றும். பழைய டெல்கோ ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கர்களின் ஒரு முனை பொதுவான எர்த்தில் சேர்ந்திருக்கும். வண்டியின் இரும்பு உடம்பே ஒரு வயராக வேலை செய்யும். புதிய டெக்கில் அப்படிக் கிடையாது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயர், இரண்டிலும் மின்னழுத்தம் இருக்கும், எதுவும் பாடியைத் தொடக் கூடாது. இது தெரியாமல் பழைய வயர்களோடு புதிய டெக்கை முடிச்சுப் போட்டால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் சிப் நிமிடத்தில் கருகலாம். பழைய ரேடியோக்களில் பல 10 ஓம் ஸ்பீக்கருக்குச் செய்தவை, புதியவை 4 ஓம் ஸ்பீக்கருக்கு. பழைய ரேடியோவை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் ரேடியோ சூடேறும். டெக்கை மட்டும் மாற்றிப் பழைய ஸ்பீக்கரை விட்டுவைத்தால் சத்தம் மெலியும். ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட வேண்டிவரும் என்பதை இந்த வேலையில் இறங்குகிறவர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்வார்கள்.

பேஸ் ஒலிக்குப் பெரிய பெட்டி வைக்க இடம் இருக்கைக்குப் பின்னால்தான். அங்கேயும் ஆண்டைப் பார்க்க வேண்டும். 1972 வரையிலான செவ்ரோலே பிக்கப்புகளில் பெட்ரோல் டாங்க் இருந்ததே கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால்! ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் சுமார் 75 லிட்டர் பெட்ரோல் தளும்பும். 1973இல் டாங்க் வெளியே போன பிறகுதான் அந்தச் சந்து காலியானது. அரிசோனாவின் ஜிம் ஃபாஸ்கேட் காருக்கான ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்ததும் அதே 1973தான். பின்னாளில் ராக்ஃபோர்டு ஃபாஸ்கேட் என்ற பெயரில் அது இருக்கைக்குப் பின்னால் குடியேறியது. 1980களில் செவ்ரோலே எஸ்-10, மாஸ்டா, மிட்சுபிஷி போன்ற குட்டிப் பிக்கப்புகளைத் தாழ்த்தி, சந்து நிறைய ஸ்பீக்கர் அடுக்கி, தெருவே அதிர ஓட்டிய இளைஞர் கூட்டம் தென்மேற்கு மாநிலங்களில் பெருகியது. பக்கத்து வீட்டுக்காரர்களின் கருத்து வேறாக இருந்திருக்கும்.

இரு தண்டு ஓட்டைக்கு முடிவு கட்டியது ஜெர்மானியர்களின் அளவுகோல். 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம் என்ற அவர்களின் டின் அளவு, 1984இல் ஐஎஸ்ஓ 7736 என்ற உலகத் தரமானது. ஜப்பானியக் கேசட் டெக்குகள் அந்த அளவில் குவிந்தன. வண்டி எதுவாக இருந்தாலும் பெட்டி ஒரே அளவு! பயனீர் அதே 1984இல் காருக்கான சிடி பிளேயரைக் கொண்டுவந்தது. ஆசை கண்ணை மறைக்க, ஆயிரக்கணக்கான பழைய பிக்கப்களின் டேஷ்போர்டில் ஹாக்ஸா பிளேடு இறங்கியது. இரண்டு வட்டத்தையும் நடுச் செவ்வகத்தையும் சேர்த்து ஒரே நீள்செவ்வகமாக அறுத்து, ஓரத்தை அரத்தால் தேய்த்து டெக்கைச் செருகினார்கள். நேராக அறுத்தவர்கள் குறைவு.

உலகமே ஓர் அளவுக்கு வந்தபோது ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்தது? தனக்கென்று ஒன்றரை மடங்கு உயரத்தில் ஓர் அளவை வைத்துக்கொண்டது. 1988இல் வந்த புதிய சி/கே பிக்கப்பில் ரேடியோவையே துண்டாக்கியது: பொத்தான்கள் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு தனி முகப்பில், கேசட் இன்னொரு இடத்தில், ரேடியோவின் உடல் உள்ளே மறைவாக. எதைக் கழற்றி எதைப் பொருத்துவது? வெளிச்சந்தை சளைக்கவில்லை. மெட்ரா, ஸ்கோஷே போன்ற கம்பெனிகள் ஒவ்வொரு டேஷ்போர்டுக்கும் பிளாஸ்டிக் சட்டமும், ஆலை வயரை வெட்டாமல் செருகும் இணைப்பும் செய்து தள்ளின. சில டாலர் விலையுள்ள அந்த இணைப்பு இல்லாமல் இன்றுவரை எந்த அமெரிக்க ஸ்டீரியோக் கடையும் ஓடாது.

இழுபறி நீதிமன்றம் வரை போனது. 1980களில் கிரைஸ்லர், ரேடியோவை வண்டி விலையோடு சேர்த்தே விற்கத் தொடங்கியது. வேண்டாம் என்று சொல்லிக் காசைக் குறைக்க வழியில்லை. ஏற்கெனவே பணம் கொடுத்த ரேடியோவைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்களிடம் யார் வருவார்கள் என்று தனியார் ஸ்டீரியோக் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். ஒன்றை வாங்க இன்னொன்றையும் வாங்கச் சொல்வது வணிகச் சட்டத்தில் குற்றம் என்பது அவர்கள் வாதம். மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் அதை ஏற்கவில்லை. கார் சந்தையில் கிரைஸ்லரின் பங்கு சிறியது. பிடிக்காதவர் வேறு கார் வாங்கிக்கொள்ளலாம் என்பதே தீர்ப்பின் சாரம். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் எல்லாக் கம்பெனியும் அதையே செய்தபோது வாங்குகிறவர் வேறு எங்கே போவார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

தமிழ்நாட்டு லாரிகளின் கதையை இங்கே ஒரு நிமிடம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே 'ஆலை ஸ்டீரியோ' என்ற பேச்சே எழவில்லை. அசோக் லேலண்டும் டாடாவும் நெடுங்காலம் விற்றது பெரும்பாலும் சேசிஸ் மட்டும்தான். கேபினும் பாடியும் நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் கட்டப்பட்டன. டேப் செட் எங்கே உட்கார வேண்டும் என்பதை ஆசாரியும் எலெக்ட்ரீஷியனும் முடிவு செய்தார்கள். பெரும்பாலும் தலைக்கு மேல், பலகை அடித்த பெட்டிக்குள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. லாரி 24 வோல்ட், கார் டேப் 12 வோல்ட். தொடர் இணைப்பில் இருக்கும் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுப்பார்கள். டேப் ஜோராகப் பாடும். அந்த ஒரு பேட்டரி மட்டும் வருஷத்துக்குள் படுத்துவிடும். அதற்குக் கன்வெர்ட்டர் போடுவதுதான் சரியான வழி.

அமெரிக்காவில் கம்பெனி கடைசியாகக் கண்ட தந்திரம் ஓட்டையின் அளவில் இல்லை, வயருக்குள் இருந்தது. 2003 செவ்ரோலே சில்வரேடோவில் ரேடியோவைக் கழற்றியவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். சாவியை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தால் எழும் எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. மணிக்கென்று இருந்த தனி உறுப்பை எடுத்துவிட்டு, ரேடியோ வழியாகவே அந்த ஒலியை வரவழைத்திருந்தார்கள். ரேடியோ இனி வெறும் பாட்டுப் பெட்டி இல்லை. வண்டியின் தரவு வலையில் ஓர் உறுப்பு. அதைப் பிடுங்கினால் வேறு ஏதோ ஊமையாகும். இதற்கும் ஒரு மாற்றுப் பெட்டி வெளிச்சந்தையில் வந்தது. சில டாலர் இணைப்பின் இடத்தில் நூறு டாலர் மின்னணுப் பெட்டி.

இதற்கிடையில் பழைய வண்டிகளின் மதிப்பு தலைகீழாகிவிட்டது. ஸ்கொயர்பாடி இன்று சேகரிப்பாளர்கள் தேடும் வண்டி. விற்பனை விளம்பரத்தில் 'டேஷ்போர்டு வெட்டப்படவில்லை' என்பது பெருமையாக எழுதப்படும் வரி. அன்று அறுத்த ஓட்டையை மறைக்கக் கான்சாஸின் எல்எம்சி ட்ரக் போன்ற பாகக் கடைகள் புதிய முகப்புத் தகடுகளை விற்கின்றன. கஸ்டம் ஆட்டோசவுண்ட், ரெட்ரோசவுண்ட் போன்ற கம்பெனிகளின் டெக்குகள் வெளியே இரண்டு தண்டும் குமிழுமாகப் பழைய முகத்தோடு இருக்கும். உள்ளே புளூடூத்தும் யூஎஸ்பியும். பழைய டெல்கோவையே பிரித்து, முகப்பையும் முள்ளையும் அப்படியே வைத்து, உள்ளே புதிய பலகையைப் பொருத்தித் தரும் பட்டறைகளும் உண்டு.

2014இல் ஆப்பிள் கார்பிளேயும் அதையடுத்து ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வந்தபோது இழுபறி தீர்ந்துவிட்டதாகவே தோன்றியது. திரை கம்பெனியுடையது, அதில் தெரிவது சொந்தக்காரரின் கைபேசி. ஆனால் 2023இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் புதிய மின்சார வண்டிகளில் இரண்டையும் எடுத்துவிடப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஃபோர்டு தன் புதிய மாடல்களிலிருந்து ஏஎம் ரேடியோவை நீக்கப் பார்த்தது. அவசரகாலச் செய்திக்கு அதுதான் வழி என்று எதிர்ப்பு கிளம்ப, மே மாதத்தில் தலைமை அதிகாரி ஜிம் ஃபார்லி அந்த முடிவைத் திரும்பப் பெற்றார். சில்வரேடோ மின்சார பிக்கப் அறிவித்தபடியே கார்பிளே இல்லாமல் விற்பனைக்கு வந்தது.